பூட்டிய பெட்டியும் புனேயின் எழுத்தட்டையும்: நிலைபொருள் மாற்றத்தின் ஓர் இந்திய வரலாறு

2016 நவம்பரில் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ, 1980களில் உலகெங்கும் விற்ற தன் தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியை உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய கருவியில் கேசட் செருகும் மூடி இருந்த இடத்தில் புதியதிலும் ஒரு மூடி தெரிந்தது. ஆனால் அது வெறும் தோற்றம், திறக்காது. 30 விளையாட்டுகள் உள்ளே பதிக்கப்பட்டிருந்தன. 31ஆவது ஒன்றைச் சேர்க்க வாங்கியவருக்கு வழி தரப்படவில்லை.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. நான்கு கருக்கள் கொண்ட ஆல்வின்னர் ஆர்16 என்னும் செயலி, 256 மெகாபைட் நினைவகம், 512 மெகாபைட் சேமிப்பகம், அவற்றின் மேல் லினக்ஸ் இயங்குதளம். ஒரு முழுக் கணினியே அங்கிருந்தது. 30 விளையாட்டுகள் என்ற எல்லையை வகுத்தது வன்பொருளின் இயலாமை அன்று. அந்த வன்பொருளை எழுப்பி நடத்தும் நிலைபொருள். ஃபர்ம்வேர் என்று தொழில்துறையினர் வழங்கும் இந்த நிலைபொருள், வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே நிற்பது. கருவி வெளிவரும்போதே அதில் பதிக்கப்பட்டு, பயன்படுத்துவோர் கண்ணில் படாமல், கருவி எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதைத் தீர்மானிப்பது.

2017 ஜனவரிக்குள் அந்த எல்லை தகர்ந்தது. ஆல்வின்னர் செயலிகளில் ஃபெல் எனப்படும் ஒரு மீட்புநிலை உண்டு. தொழிற்சாலையில் வெறுமையான கருவிக்குள் முதன்முதலாக நிரலைச் செலுத்துவதற்கென வைக்கப்பட்ட வாயில் அது. கருவியை யுஎஸ்பி வடத்தால் கணினியோடு இணைத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரத்தை இயக்கினால் அந்த வாயில் திறக்கும். ஹக்சி என்னும் மென்பொருள் அதன் வழியே உள்ளிருக்கும் கருநிரலை முதலில் கணினிக்குப் படியெடுக்கும். அதில் வேண்டிய மாற்றங்களைச் செய்யும். பின் மாற்றிய வடிவத்தை மீண்டும் கருவியில் எழுதும். அதன்பின் உரிமையாளர் தம்மிடமுள்ள பிற விளையாட்டுகளைச் சேர்க்கலாம். காப்புரிமை உள்ள விளையாட்டுகளைப் படியெடுப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்பது தனி வினா. இங்குக் கருதத்தக்கது இந்தச் செயலின் அமைப்பு: பிறர் ஒரு நோக்கத்துக்காகச் செய்து பூட்டிய கருவியின் அடியடுக்கைத் தொட்டு, அதைத் தம் நோக்கத்துக்கு இசைவித்தல்.

விளையாட்டுப் பெட்டிகளின் உலகில் இது பொழுதுபோக்காகவே பேசப்படுகிறது. ஆனால் இதே அமைப்புள்ள ஒரு செயல் ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில், புனே நகரில், ஓர் அரசு நிறுவனத்தால் நிகழ்த்தப்பட்டது. அங்கே பூட்டிய பெட்டி ஐபிஎம் வகைத் தனிக்கணினி. உள்ளே சேர்க்க வேண்டியிருந்தது விளையாட்டு அன்று, எழுத்து. தேவநாகரியும் தமிழும் வங்கமும் கன்னடமும் அந்தக் கணினியின் திரையில் தோன்ற வேண்டியிருந்தது. அந்த முயற்சியின் முடிவுகளில் சில, இன்று தமிழில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இருக்கின்றன.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட தனிக்கணினி, எழுத்தைத் திரையில் காட்டிய முறையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். திரை 80 நெடுவரிசைகளும் 25 கிடைவரிசைகளுமாகப் பகுக்கப்பட்டிருந்தது. மொத்தம் 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்டுகள்: ஒன்று எந்த எழுத்து என்பதற்கு, மற்றொன்று அது எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதற்கு. ஆக, முழுத் திரையும் 4,000 பைட்டுகளில் அடங்கியது. எழுத்தின் எண் கிடைத்ததும் அதன் வடிவத்தைத் தேடித் தருவது, திரையட்டையில் பதிக்கப்பட்டிருந்த ஒரு ரோம் சில்லு. அதில் 256 வடிவங்கள் இருந்தன: ஆங்கில எழுத்துகள், எண்கள், ஐரோப்பிய மொழிகளுக்கான சில குறியிட்ட எழுத்துகள், கிரேக்க எழுத்துகள் சில, கட்டம் வரையும் கோடுகள். கறுப்பு வெள்ளைத் திரையில் ஒவ்வொரு வடிவமும் 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் கொண்ட கட்டத்துக்குள் நின்றது. வண்ணத் திரையட்டையிலோ 8க்கு 8.

ரோம் என்றாலே படிக்க மட்டும் இயல்வது, அழித்து எழுத இயலாதது. எனவே அந்த 256 வடிவங்களே அக்கணினி அறிந்த எழுத்துலகம். வேர்ட்ஸ்டார், டிபேஸ், லோட்டஸ் 1-2-3 போன்று அலுவலகங்களில் பரவிய மென்பொருள்கள் அனைத்தும் இந்த எழுத்துமுறைத் திரையை நம்பியே எழுதப்பட்டிருந்தன. அவற்றின் மூலநிரல் எவருக்கும் கிடைக்காது. அரசு அலுவலகம் ஒன்று தன் பணியாளர் பட்டியலை டிபேஸில் வைத்திருந்தால், அதை ஆங்கிலத்தில்தான் வைக்க முடியும். இந்திய மொழிக்கெனப் புதிதாக ஒரு சொற்செயலியை எழுதிவிடலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் அதனால் மாறிவிடா.

வடிவங்களை மட்டும் மாற்றினால் போதும் என்றும் இருக்கவில்லை. ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம் என்பது ரோம எழுத்துக்கு இயல்பாகப் பொருந்தும் விதி. தமிழில் ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொண்டால், ஒலிப்பில் முதலில் மெய்யும் பின்னர் உயிரும் வருகின்றன. வரிவடிவிலோ உயிர்க்குறியின் ஒரு பாதி மெய்க்கு இடப்பக்கமும் மறுபாதி வலப்பக்கமும் நிற்கின்றன. தேவநாகரியில் மெய்கள் ஒன்றோடொன்று இணைந்து புதிய கூட்டு வடிவங்களாகின்றன. ‘ணை’, ‘ஞூ’ போன்றவற்றின் அகலம் ஒரு கட்டத்தில் அடங்காது. 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘லை’, ‘னா’, ‘றா’ போன்றவற்றின் பழைய தனிவடிவங்களை நீக்கிச் சிக்கலை ஓரளவு குறைத்திருந்தது. எனினும் எழுத்து வேறு, அதன் வரிவடிவத் துண்டுகள் வேறு என்ற அடிப்படைச் சிக்கல் நீங்கவில்லை.

இதற்கான விடையைத் தேடிய முன்னோடி முயற்சி கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கியது. 1970களின் பிற்பகுதி முதல் அங்கே பேராசிரியர் ஆர். எம். கே. சின்ஹாவும் அவருடன் பணியாற்றியோரும் தேவநாகரிக்கான கணினி முனையத்தை உருவாக்க முயன்றனர். 1983இல் தில்லியில் நடந்த மூன்றாவது உலக இந்தி மாநாட்டில் அதன் முன்வடிவம் காட்டப்பட்டது. அங்கே மாணவராக இருந்த மோகன் தாம்பே அப்பணியைத் தொடர்ந்து முன்னெடுத்தார். இதிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பமே ஜிஸ்ட் எனப் பெயர்பெற்றது. தொடக்கத்தில் ‘வரைவியல் மற்றும் இந்திய எழுத்து முனையம்’ என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக அப்பெயர் அமைந்தது.

1988இல் இத்தொழில்நுட்பம் புனேவுக்கு இடம்பெயர்ந்தது. அதற்கான காரணம் எழுத்தோடு தொடர்பற்றது. இந்தியா வாங்க விரும்பிய கிரே மீக்கணினி, அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளில் சிக்கியது. பின்னர் வானிலை ஆய்வுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கிரே எக்ஸ்-எம்பி வகைக் கணினி ஒன்று தில்லிக்கு வந்தது. இந்தச் சூழலில்தான் மத்திய அரசின் மின்னணுத் துறை 1988 மார்ச்சில் சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணினியியல் வளர்ச்சி மையத்தை நிறுவியது. கணேஷ்கிண்டில் உள்ள புனே பல்கலைக்கழக வளாகம் அதன் இருப்பிடமாயிற்று. விஜய் பட்கர் தலைமையில் அங்கே உருவான பரம் 8000, 1991இல் வெளிவந்தது. பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைப் பலவாக இணைத்து, அவை ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்யும்படி பராஸ் என்னும் மென்பொருள் சூழலை சி-டாக் தானே எழுதியது. சில்லு பிறர் செய்தது. அதை நடத்தும் நிரல் தன்னுடையது. அதே நிறுவனத்தில் சற்றே சிறிய குழுவொன்று செய்த எழுத்துப் பணியும் இதே வழியைத்தான் பின்பற்றியது.

ஜிஸ்ட் அட்டை கணினியின் உட்புறத்தில் உள்ள விரிவாக்கப் பள்ளத்தில் செருகப்படுவது. கணினியை மாற்ற வேண்டியதில்லை. டாஸ் இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை. டிபேஸையோ வேர்ட்ஸ்டாரையோ தொட வேண்டியதில்லை. மென்பொருள் வழக்கம்போல் எண்களைத் திரைக்கு அனுப்பும். அந்த எண்களை எந்த வடிவமாகக் காட்டுவது என்ற முடிவை ரோம் சில்லிடமிருந்து இந்த அட்டை எடுத்துக்கொண்டது. 127 வரையிலான எண்கள் வந்தால் ஆங்கில எழுத்து. அதற்கு மேற்பட்டவை வந்தால் அவை இந்திய எழுத்துக்கான குறிகள். அட்டை அவற்றை ஒன்றுசேர்த்து நோக்கி, எந்த உயிர்க்குறி இடப்பக்கம் செல்ல வேண்டும், எந்த மெய்கள் இணைய வேண்டும் என்பதை முடிவுசெய்து வடிவத்தைக் கோத்துத் தந்தது. விசைப்பலகையிலிருந்து வருவதையும் அவ்வாறே மாற்றித் தந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. அது இன்னும் எண்களைத்தான் கையாண்டது.

இந்த ஒட்டுவேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஒரு செய்தி காட்டும். ஐபிஎம் கணினியின் எழுத்துப் பட்டியலில் 176 முதல் 223 வரையிலான எண்கள் கட்டங்களும் கோடுகளும் வரைவதற்கானவை. டாஸ் காலத்து மென்பொருள்கள் தம் பட்டியல்களுக்கும் படிவங்களுக்கும் அவற்றைக் கொண்டே சட்டம் வரைந்தன. அந்த எண்களை இந்திய எழுத்துக்குக் கொடுத்துவிட்டால், சட்டம் வர வேண்டிய இடத்தில் எழுத்துகள் சிதறித் தோன்றும். எனவே தனிக்கணினிக்கென, அந்த 48 எண்களைத் தொடாமல் இந்திய எழுத்துகளை அவற்றின் இருபுறமும் பிரித்து வைத்த ஒரு மாற்றுப் பட்டியல் வகுக்கப்பட்டது. பிறர் வீட்டில் குடியேறுபவர் அங்குள்ள தூண்களுக்கு இடம்விட்டுப் பாய் விரிப்பதைப் போன்றது அது.

அட்டையோடு நின்றுவிடாமல், பெரிய கணினிகளுக்கான முனையங்களாகவும், பின்னர் தனிச் சில்லாகவும் ஜிஸ்ட் வடிவெடுத்தது. தொலைக்காட்சித் திரையில் பல மொழிகளில் துணையுரை காட்டும் லிப்ஸ் என்னும் அமைப்பும் இதே குழுவின் ஆக்கம். தமிழறியாத அலுவலர் வாங்கிய கணினியிலும் ஓர் அட்டையைச் செருகித் தமிழில் பட்டியல் தயாரிக்கலாம் என்ற நிலை அக்காலத்தில் சிறிய மாற்றமன்று.

ஆனால் அட்டை ஒரு முகம் மட்டுமே. அதன் அடியில் இருந்தது இஸ்கி என்னும் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல். 1980களில் மின்னணுத் துறையின் முயற்சியால் உருவாகி, 1988இல் திருத்தம் பெற்று, 1991இல் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணோடு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமாயிற்று. அதன் அடிப்படைக் கருத்து எளியது, துணிவானது. இந்திய எழுத்துமுறைகள் பிராமியிலிருந்து கிளைத்தவை. அவற்றின் ஒலியமைப்பு பொதுவானது. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே எண் பட்டியல் போதும். தேவநாகரியின் ககரமும் தமிழின் ககரமும் வங்கத்தின் ககரமும் ஒரே எண், 179. எந்த எழுத்துருவில் காட்ட வேண்டும் என்பதை மட்டும் ஒரு முன்குறி சொல்லும்: 239 என்ற எண்ணை அடுத்து 66 வந்தால் தேவநாகரி, 68 வந்தால் தமிழ்.

இதன் பயன் வெளிப்படை. இந்தியில் உள்ள பெயர்ப் பட்டியலை, முன்குறியை மட்டும் மாற்றி, தமிழிலோ கன்னடத்திலோ காட்டிவிடலாம். ஒரே விசைப்பலகை அமைப்பு எல்லா மொழிக்கும் பொருந்தும்; இன்ஸ்கிரிப்ட் எனப்படும் அந்த அமைப்பில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தன. பல மொழிகள் வழங்கும் நாட்டில், தனித்தனியே பத்துத் தீர்வுகளை உருவாக்கிப் பேணுவதற்குப் பொருளும் ஆளும் இல்லாத காலத்தில், இது பொறியியல் நோக்கில் நேர்மையான முடிவு.

பொதுப் பட்டியல் ஒன்று வேண்டுமெனில் அதற்கு ஓர் அச்சு வேண்டும். மிகுதியான மெய்களைக் கொண்ட தேவநாகரி வரிசை அந்த அச்சாயிற்று. ககர வருக்கத்தில் நான்கு ஒலிகள், அவற்றை அடுத்து ஙகரம்: 179 முதல் 183 வரை. தமிழுக்கு இவற்றுள் முதலும் இறுதியும் மட்டுமே தேவை. மறுபுறம், தமிழுக்குத் தேவையான ழகரம், றகரம், னகரம் ஆகியவற்றுக்கும் பட்டியலில் இடம் தரப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவை தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் தமக்குரிய இடத்தைப் பெறவில்லை. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் செருகப்பட்டன. தேவநாகரியின் வரிசையில் எந்த ஒலிக்கு அருகில் இவை பொருந்தும் என்பதே அளவுகோலாயிற்று.

விளைவுகள் நடைமுறையில் தெரிந்தன. தமிழ் எழுத்து ஒலியை இடம் நோக்கி உணர்த்துவது. ‘கங்கை’ என்னும் சொல்லின் இரண்டு ககரங்களும் ஒலிப்பில் வேறு, எழுத்தில் ஒன்று. எனவே தமிழில் பதிந்த ‘காந்தி’ என்ற பெயரை முன்குறி மாற்றித் தேவநாகரியில் காட்டினால், ஒளி என்னும் பொருள்தரும் ‘காந்தி’ என்ற வடசொல் தோன்றும். தேசத்தந்தையின் பெயர் தோன்றாது. இந்த எந்திர எழுத்துப்பெயர்ப்பு, தமிழைப் பொறுத்தவரை அரைகுறையானது.

அகரவரிசை இன்னும் ஆழமான சிக்கல். கணினி எண்களின் ஏறுவரிசையில் அடுக்கும். அகராதியில் ‘கமலம்’ முன்னும் ‘கனி’ பின்னும் வர வேண்டும். எண் வரிசையிலோ னகரம் மகரத்துக்கு முற்பட்டதால் ‘கனி’ முந்திக்கொள்ளும். ‘கவி’க்குப் பின் வர வேண்டிய ‘கழி’ அதற்கு முன் நிற்கும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின் இருப்பதால் ‘கல்’ என்பது ‘கலை’க்கும் பின்னே தள்ளப்படும். பெயரேடு, நூலகப் பட்டியல், வாக்காளர் பட்டியல் எதுவாயினும், தனியாக வரிசை விதி எழுதிச் சேர்த்தாலன்றித் தமிழ் முறையில் அடுக்க இயலாது.

ஓர் அட்டையோடு இது முடிந்திருக்கலாம். 1990களில் விண்டோஸ் பரவியபோது திரையில் எழுத்தைக் காட்டும் முறையே மாறிற்று. ரோம் சில்லின் 256 வடிவங்கள் என்ற வேலி மறைந்தது. எந்த வடிவத்தையும் எழுத்துருக் கோப்பாகத் தரலாம் என்றாயிற்று. ஜிஸ்ட் அட்டைக்கு வேலை குறைந்தது. சி-டாக் லீப் போன்ற மென்பொருள்களுக்கு நகர்ந்தது. பொதுவாக, கருவி மறைந்தால் அதன் மேல் செய்த ஒட்டுவேலையும் மறையும். விளையாட்டுப் பெட்டியில் ஹக்சி நிறுவியவர், தாம் எடுத்துவைத்த மூலப்படியை மீண்டும் எழுதிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இங்கே அவ்வாறு நிகழவில்லை.

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியேற்றம் என்ற நோக்கில் 1991இல் ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தது. இந்திய எழுத்துகளுக்கு அது எடுத்துக்கொண்ட அடிப்படை, 1988ஆம் ஆண்டின் இஸ்கி. ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எழுத்துகள் இஸ்கியில் நின்ற அதே சார்பு வரிசையில் வைக்கப்பட்டன. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. ககரம் 2965, ஙகரம் 2969. இடைப்பட்ட 2966, 2967, 2968 ஆகிய மூன்றும் வெற்றிடங்கள். சகரத்துக்குப் பின் ஒன்று, ஜகரத்துக்குப் பின் ஒன்று, டகரம், தகரம், பகரம் ஆகியவற்றுக்குப் பின் மும்மூன்று. வருக்க மெய்களுக்கென விடப்பட்டுத் தமிழில் நிரம்பாத இடங்கள் மொத்தம் 14. பொதுப் பட்டியலைத் துறந்து தனிப்பகுதி தந்த பின்னும் பொதுப் பட்டியலின் எலும்புக்கூடு அப்படியே நின்றது. இதன் மறுபக்கமும் உண்டு: தேவநாகரிப் பகுதியில் 2356ஆம் எண்ணில் ழகரத்துக்கு ஒரு புள்ளியிட்ட வடிவம் இருக்கிறது. தமிழின் 2996ஆம் எண்ணுக்கு இணையாக நிற்கும் அதுவும் இஸ்கி விட்டுச்சென்ற அடையாளமே.

1996இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் ஒருங்குறி ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறது: ஒருமுறை எண் பெற்ற எழுத்தை இடம் மாற்றுவதோ நீக்குவதோ இல்லை. உலகெங்கும் சேமித்த ஆவணங்கள் பிழையின்றிப் படிக்கப்பட வேண்டுமெனில் இவ்விதி தவிர்க்கவியலாதது. அதே விதிதான், தமிழின் வரிசையைத் திருத்தும் வாயிலையும் அடைத்தது. வெற்றிடத்தில் புதியதைச் சேர்க்கலாம். 2005இல் ஶகரம் 2998ஆம் எண்ணில் அவ்வாறு சேர்ந்தது. இருப்பதை நகர்த்த இயலாது.

தமிழுலகம் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. 1980களிலேயே கனடாவில் கே. சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு என, தனி அட்டை ஏதுமின்றி மென்பொருள் வழியாகவே தனிக்கணினியில் தமிழைக் கொணர்ந்த முயற்சிகள் இருந்தன. 1990களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர் இணையவழி உரையாடி டிஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. அந்த விசைப்பலகை இன்ஸ்கிரிப்டைப் போல் எல்லா மொழிக்கும் பொதுவானதன்று. தமிழின் உயிர், மெய் இயல்பை நோக்கியே அமைந்தது. இன்றும் கைப்பேசிகள் வரை வாழ்கிறது. ஆனால் குறியேற்றத்தில் கதை வேறு. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை லதா எழுத்துருவோடு தன்னகத்தே கொண்டுவந்த பின், உலகளாவிய தரத்தோடு போட்டியிடும் ஆற்றல் எந்தத் தனிக் குறியேற்றத்துக்கும் இல்லாது போயிற்று.

கடைசிப் பெருமுயற்சி டேஸ்16. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் குறியேற்றம் அது. ‘தமிழ்’ என்ற சொல் ஒருங்குறியில் ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. டேஸ்16இல் மூன்றே: த, மி, ழ். எழுத்து என்று தமிழிலக்கணம் எதைச் சொல்கிறதோ அதையே கணினியும் ஓர் அலகாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் வாதம். இது ஏட்டளவிலான வாதமன்று. ஒருங்குறியில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறிகள் என்பது எல்லை. அதில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே ஐந்தை எடுத்துக்கொள்ளும். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், ஒருங்குறியோடு டேஸ்16ஐயும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. பயன்பாட்டில் ஒருங்குறியே நிலைத்தது.

இவ்வரலாற்றைப் புனேயின் மேல் சுமத்தும் குற்றப்பத்திரிகையாக வாசிப்பது பிழையாகும். ஜிஸ்ட் இல்லையேல் 1980களின் இறுதியில் இந்திய அரசு அலுவலகங்களின் கணினிகள் ஆங்கிலத்தில் மட்டுமே பேசியிருக்கும். இஸ்கி இல்லையேல் ஒருங்குறியின் முதல் பதிப்பில் இந்திய எழுத்துகள் எந்த அடிப்படையில் இடம்பெற்றிருக்கும் என்பதும் வினாவே. கொம்பை முன்னும் காலைப் பின்னும் தனித்தனியே எண்ணாக வைக்காமல், ஒலிவரிசையில் ககரத்தையும் ஒகரக்குறியையும் சேமித்து, வடிவத்தைக் கோக்கும் வேலையைக் கருவியிடம் விட்ட இஸ்கியின் முடிவு இன்றளவும் சரியானதாகவே நிற்கிறது. தேடுதலும் எழுத்துப்பிழை திருத்தமும் அதனால் எளிதாயின.

மறுபுறம், தமிழறிஞர்களின் மனக்குறையை வெறும் மொழிப்பற்றின் வெளிப்பாடாகத் தள்ளுவதும் பிழையே. 14 வெற்றிடங்களால் எவருக்கும் நேரடி இழப்பு இல்லை. நெடுங்கணக்கு குலைந்ததால் இழப்பு உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் தமிழை அடுக்கத் தனிவிதி கொண்டிருக்க வேண்டும். அந்த விதியை மறந்த மென்பொருள் தவறாகவே அடுக்கும். அச்சுக்குப் பொருந்திய எழுத்துமுறைக்கு இயல்பாகக் கிடைத்தது, பொருந்தாத எழுத்துமுறைக்குக் கூடுதல் உழைப்பால் மட்டுமே கிடைக்கிறது.

நிலைபொருளை மாற்றுதல் என்பது பொதுவாக விடுதலையின் கதையாகவே சொல்லப்படுகிறது: நிறுவனம் பூட்டியது, பயனர் திறந்தார். புனேயின் கதை அதற்கு ஒரு பின்னிணைப்பைச் சேர்க்கிறது. ஐபிஎம்மின் ரோம் சில்லில் 256 வடிவங்களை முடிவுசெய்தவர்கள் இந்திய மொழிகளை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வேலியைக் கடந்தவர்கள் இந்திய மொழிகள் அனைத்தையும் எண்ணினார்கள். ஆனால் ஒரே அச்சில் எண்ணினார்கள். முதல் முடிவு, சில்லோடு வழக்கொழிந்தது. இரண்டாவது முடிவு உலகத் தரத்தின் பகுதியாகிவிட்டதால் அழியாது. பூட்டைத் திறப்பவர் வகுக்கும் பட்டியலும் பின்வருவோருக்கு ஒரு நிலைபொருளே. அது அவசரத் தேவைக்காக வகுக்கப்பட்டதா, ஆய்ந்து வகுக்கப்பட்டதா என்பதைக் காலம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இன்று தமிழுக்கான புதிய அடியடுக்குகள் வகுக்கப்பட்டு வருகின்றன. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள், எந்திர மொழிபெயர்ப்பு, மொழி மாதிரிகள் ஆகிய ஒவ்வொன்றும் தமிழ்ச் சொல்லை எந்த அலகுகளாகப் பிரிப்பது என்று முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அம்முடிவுகள் பயனர் கண்ணில் படாத அடுக்கில், பிற மொழிகளை முன்வைத்தே பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. தமிழிலக்கணமும் கணினியியலும் அறிந்தோர் அந்த அடுக்கு உருவாகும்போதே உடனிருக்க வேண்டும். தரம் உறுதியான பின் எழுப்பப்படும் நியாயமான வாதம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு டேஸ்16 சான்று. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே 2966, 2967, 2968 ஆகிய எண்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன.